கூவ மறந்த சேவல்

கடல் கடந்த ப்ளூஸ் – 12

சென்ற வாரம் ஐந்து இளைஞர்களைச் சிகாகோவில், 2120 சவுத் மிச்சிகன் அவென்யூ என்ற விலாசத்தில் விட்டுவிட்டு வந்தோம். செஸ் ரெக்கார்ட்ஸின் அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில்தான் மட்டி வாட்டர்ஸ், சக் பெர்ரி, ஹவ்லின் வுல்ஃப் எல்லோரும் பாடிப் பதிந்தார்கள். 1964 ஜூன் மாதம் இரண்டு நாள் அதே கூடத்தில், அதே ஒலிப்பதிவாளர் ரான் மாலோவின் முன்னால், ரோலிங் ஸ்டோன்ஸும் வாசித்தார்கள். கோயிலுக்குப் போன பக்தனிடம் மணியைக் கொடுத்து அடிக்கச் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

அங்கே பதிவான 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' ஜூலையில் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. குழுவுக்குக் கிடைத்த முதல் முதலிடம்.

அடுத்து எந்தப் பாட்டு?

கேள்வி சாதாரணமாகத்தான் தெரிகிறது. ஆனால் 1964-இல் ஒரு பாப் குழுவின் ஆயுளை அடுத்த இசைத்தட்டுதான் முடிவு செய்தது. ஒன்று ஜெயித்து, அடுத்தது சறுக்கி, மூன்றாவதில் காணாமல் போன குழுக்கள் லண்டனில் ஏராளம்.

*

மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டமுக்கு அப்போது இருபது வயது. கணக்கில் கெட்டி. வேகமாக ஒன்று வேண்டும், ஆடத் தோதாக வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அவர் நினைத்ததில் தவறே கிடையாது.

பையன்கள் கொண்டுவந்து வைத்த பாட்டோ இதற்கு நேர் எதிர். நத்தை வேகம். பல்லவி என்று தனியாக எதுவும் இல்லை. காதலன், காதலி, நிலா எதுவும் இல்லை. பண்ணை ஒன்றில் ஒரு சிவப்புச் சேவல் சோம்பிப்போய்க் கூவாமல் கிடக்கிறது. அதனால் முற்றத்தில் இருக்கும் மற்ற பிராணிகள் எல்லாம் நிலைகுலைந்து போகின்றன. பிறகு சேவல் வீட்டை விட்டே போய்விடுகிறது. யாராவது பார்த்தால் திருப்பி அனுப்புங்கள் என்று பாடுகிறவன் கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

சேவல் வெறும் சேவல் இல்லை என்பது கேட்கிறவர்களுக்குப் புரியும். புரியாதவர்கள் கோழிப்பண்ணைப் பாட்டாகவே ரசித்துவிட்டுப் போகலாம். ப்ளூஸின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

இது விற்காது, இதற்கு யாரும் ஆட முடியாது என்பது ஓல்டமின் கட்சி. மிக் ஜாகரும் பிரையன் ஜோன்ஸும் மசியவில்லை. ப்ளூஸ், ப்ளூஸ் என்று பேட்டிக்குப் பேட்டி பேசிக்கொண்டே இருக்கிறோம், பேச்சை நிறுத்திவிட்டு ஏதாவது செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது ஜாகர் அப்போது சொன்ன காரணத்தின் சாரம். மக்களுக்கு ப்ளூஸைக் கொண்டுசேர்க்கும் தொண்டெல்லாம் தங்கள் நோக்கம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்.

எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பிடிக்கிறது. ரசிகன் தொண்டு செய்வதில்லை. தனக்குப் பிடித்ததை அடுத்தவன் காதுக்குள் திணிக்கப் பார்க்கிறான், அவ்வளவே.

*

இந்தப் பிடிவாதத்தின் வேர் பிரையன் ஜோன்ஸிடம் இருந்தது.

செல்டன்ஹாம் என்ற கண்ணியமான ஊரில் பிறந்தவர். அலெக்சிஸ் கார்னரின் குழு வாசிப்பதைக் கேட்டார், அந்தத் தொடர்பில் எல்மோர் ஜேம்ஸின் தட்டுகள் அறிமுகமாயின. அதோடு சரி, ஆள் வேறு ஆளாகிவிட்டார். விரலில் குழாயை மாட்டிக்கொண்டு கிட்டார் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கும் 'ஸ்லைடு' முறையை இரவு பகலாகப் பழகினார். 1962 ஏப்ரலில் லண்டன் ஈலிங் கிளப்பில் 'எல்மோ லூயிஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு எல்மோர் ஜேம்ஸின் பாட்டை வாசித்தார். அன்று கூட்டத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்த இரண்டு டார்ட்ஃபோர்டு பையன்கள் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும். குழு அங்கேதான் கருக்கொண்டது என்று இந்தத் தொடரின் 7-ஆம் பகுதியில் பார்த்தோம்.

எல்மோர் ஜேம்ஸ் அமெரிக்கக் கறுப்பர். ஜோன்ஸ் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்து வெள்ளைப் பையன். இடையில் ஒரு சமுத்திரம். அதைக் கடக்க அவரிடம் இருந்தது சில இசைத்தட்டுகளும் ஒரு துண்டுக் குழாயும்தான்.

*

இப்போது சேவல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1961 ஜூன். சிகாகோ. செஸ் நிறுவனத்துக்காக 'தி ரெட் ரூஸ்டர்' என்ற பாட்டை ஹவ்லின் வுல்ஃப் பாடிப் பதிகிறார். எழுதியவர் என்று தட்டில் இருக்கும் பெயர் வில்லி டிக்சன். மட்டி வாட்டர்ஸுக்கும் வுல்ஃபுக்கும் பாட்டுகள் எழுதித் தந்து, கூடவே டபுள் பேஸும் வாசித்த மலை போன்ற மனிதர்.

வுல்ஃபும் லேசுப்பட்ட உருவம் இல்லை. ஆறேகால் அடி உயரம், ஏறத்தாழ 130 கிலோ எடை. இயற்பெயர் செஸ்டர் ஆர்தர் பர்னெட். 1910-இல் மிசிசிப்பியில் பிறந்து, பருத்தி வயல்களில் உழைத்து, நாற்பதை ஒட்டிய வயதில்தான் முதல் தட்டுப் பதிந்தார். படிப்பு இல்லை. புகழ் வந்த பிறகு, வளர்ந்த ஆளாக இரவுப் பள்ளிக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றார், கணக்கும் கற்றார். தன் குழுவில் வாசித்தவர்களுக்கு வேலையில்லாக் காலக் காப்பீட்டுப் பணம் முதல்கொண்டு முறையாகக் கட்டினார். அன்றைய சிகாகோ கிளப்புகளில் இப்படி ஒரு முதலாளியைப் பார்ப்பது அரிது. மேடையில் மட்டும்தான் ஓநாய்.

இளம் வயதில் அவருக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் சார்லி பேட்டன். அந்தப் பேட்டன் 1929-இல் பதிந்த பாட்டுகளில் ஒன்று 'பான்டி ரூஸ்டர் ப்ளூஸ்'. அதிலும் ஒரு சேவல். 1936-இல் மெம்ஃபிஸ் மின்னி பாடிய ஒரு பாட்டிலும் சேவல் தொலைந்துபோகிறது, தேடுகிறார்கள். ஆக, டிக்சன் வெற்றுத் தாளில் ஆரம்பிக்கவில்லை. மிசிசிப்பி முற்றங்களில் முப்பது வருடமாகத் திரிந்துகொண்டிருந்த ஒரு சேவலைப் பிடித்து, காலில் தன் பெயர்ச்சீட்டைக் கட்டினார். ப்ளூஸில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் இந்தச் சீட்டு பின்னால் எவ்வளவு முக்கியம் ஆகப்போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1963-இல் சாம் குக் இதை எடுத்துப் பாடினார். பெயரில் 'லிட்டில்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது அவர் தட்டில்தான். நாய்கள் குரைக்கும் இடம் வந்ததும், பதின்ம வயது பில்லி பிரஸ்டன் ஆர்கனிலேயே குரைத்தும் ஊளையிட்டும் காட்டினார். குறும்பும் மெருகும் கலந்த பதிவு. அமெரிக்க பாப் பட்டியலில் 11-ஆம் இடம் வரை ஏறியது.

பில்லி பிரஸ்டன் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதே பகுதியில் மறுபடி வருவார்.

*

ஸ்டோன்ஸின் பதிவை நிதானமாகக் கேட்டால் ஒன்று புலப்படும். பயந்து பயந்து செய்திருக்கிறார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வுல்ஃபின் குரல் சரளைக் கற்களைத் தகரத்தில் கொட்டியது போல இருக்கும். ஜாகர் அதன் பக்கமே போகவில்லை. குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் சோம்பலாக, வாய்க்குள் பாதியை வைத்துக்கொண்டு பாடுகிறார். சார்லி வாட்ஸின் டிரம்ஸ் அவசரப்படவே இல்லை. அதில் சாம் குக் பதிவின் சாயல் உண்டு. கீத் ரிச்சர்ட்ஸ் கிட்டாரில் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். தன்னைக் காட்டிக்கொள்ள யாருமே முயலவில்லை. மூத்தவர் வீட்டுத் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் தொனி.

ஒருவரைத் தவிர.

பிரையன் ஜோன்ஸின் ஸ்லைடு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஜாகர் ஒரு அடியைப் பாடி நிறுத்துகிறார், கிட்டார் பதில் சொல்கிறது. அடுத்த அடி, அடுத்த பதில். சுரத்தில் நேராக வந்து நிற்காமல் கீழிருந்து வழுக்கி ஏறி, தொட்டும் தொடாமலும் நடுங்கி, மெல்ல வடிகிறது. நாய்கள் குரைக்கத் தொடங்கும் வரி வந்ததும் தந்தி குரைக்கிறது. வேட்டைநாய்கள் ஊளையிடும் இடத்தில் அதே தந்தி இழுத்து ஊளையிடுகிறது. பிரஸ்டன் ஆர்கனில் செய்த வித்தையைத்தான் ஜோன்ஸ் கிட்டாருக்கு மாற்றினார். ஆனால் அங்கே சிரிப்பு வரும். இங்கே இருட்டில் எதுவோ நடமாடுவது மாதிரி இருக்கும்.

அந்த மூன்று நிமிடத்துக்காகவே பிரையன் ஜோன்ஸை மன்னிக்கலாம் என்பேன். எதற்கெல்லாம் மன்னிக்க வேண்டியிருந்தது என்பது பின்னால் வரும் வாரங்களில்.

*

1964 நவம்பர் 13. வெள்ளிக்கிழமை. டெக்கா நிறுவனம் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' தட்டைக் கடைகளுக்கு அனுப்பியது. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் துரதிருஷ்டம் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

டிசம்பர் முதல் வாரத்தில் அது இங்கிலாந்தின் முதலிடத்தில் இருந்தது.

ஆடத் தோதில்லாத, பல்லவியில்லாத, தூய சிகாகோ ப்ளூஸ் ஒன்று அந்தப் பட்டியலின் உச்சியைத் தொட்டது அதுவே முதல்முறை என்று இசை வரலாறுகள் எழுதுகின்றன. அதற்கு முந்தைய வாரம் அதே இடத்தில் இருந்தது சுப்ரீம்ஸ் பெண்களின் 'பேபி லவ்'. அடுத்த வாரம் பீட்டில்ஸின் 'ஐ ஃபீல் ஃபைன்' வந்து சேவலை விரட்டியது. இந்த இரண்டு துள்ளலுக்கும் நடுவில் ஒரே ஒரு வாரம், நாடு முழுக்க ஒரு மிசிசிப்பி முற்றத்துக்குள் இருந்தது.

எப்படி நடந்தது? பாதி விடை எளிது. அந்த மாதம் ஸ்டோன்ஸ் தும்மியதைப் பதிந்து விற்றாலும் வாங்க ஆள் இருந்தது. கூச்சலிட்டு மயங்கிவிழும் பெண் பிள்ளைகள் டிக்சன் யார் என்று தெரிந்துகொண்டா கடைக்கு ஓடினார்கள்? ஜாகரின் உதட்டுக்காக ஓடினார்கள்.

மீதிப் பாதியில்தான் நம் கதை இருக்கிறது. உதட்டுக்காக வாங்கிய தட்டை வீட்டில் போட்டபோது உள்ளே இருந்தது வேறொன்று. திரும்பத் திரும்பப் போட்டார்கள். தட்டின் நடுவில், பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்: டிக்சன். ரசிகர்களில் ஒரு கூட்டம் இருக்கும், எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும், அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் அதற்குத் தூக்கம் வராது. அந்தக் கூட்டம் கடைக்குத் திரும்பிப் போனது. பை இன்டர்நேஷனல் நிறுவனம் செஸ் பதிவுகளை ஏற்கெனவே இங்கிலாந்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஜூனில் வுல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' 42-ஆம் இடத்துக்கு எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஆக, தேடுகிறவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு இருந்தது.

ஆள்கூட இருந்தார்! அக்டோபரில் அமெரிக்க நாட்டார் ப்ளூஸ் விழாவோடு வில்லி டிக்சனும் ஹவ்லின் வுல்ஃபும் ஐரோப்பா வந்தார்கள். அதன் பிறகு டிராம்போன் கலைஞர் கிறிஸ் பார்பரின் குழுவோடு வுல்ஃப் இங்கிலாந்து ஊர்களில் மேடை ஏறினார். பக்கவாத்தியத்துக்கு அவருடைய கிட்டார்க்காரர் ஹ்யூபர்ட் சம்லின். தன் பாட்டு வேறொருவர் வாயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில் அசல் சேவல்காரர் இங்கிலாந்துச் சாலைகளில் திரிந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் மகிழவில்லை. தட்டுகளைப் பல வருடங்களாகச் சேர்த்துவைத்திருந்த பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். வுல்ஃப் பாடியது இருக்கும்போது இந்த நகல் எதற்கு என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், நாலு வருடம் கழித்து, 1968-இல், இதே கேள்வியை மிக் ஜாகரே ஒரு பேட்டியில் கேட்டார். அசல் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போ பாடிய பாட்டு இருக்க, அதே பாட்டை நாங்கள் பாடி நீங்கள் கேட்பதில் என்ன அர்த்தம் என்று. நேர்மையான கேள்விதான். ஆனால் அந்த நகல் இல்லாமல் அசலின் பெயர் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்பதும் நேர்மையான கேள்வியே.

இன்னொரு செய்தியை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். சேவல் உச்சியிலிருந்து இறங்கிய அதே வாரத்தில், டிசம்பர் 11 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் விடுதி ஒன்றில் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார்.

*

அமெரிக்காவில் இந்தத் தட்டு தனியாக வெளிவரவே இல்லை. பாட்டில் இரட்டை அர்த்தம் தொனிக்கிறது, வானொலிகள் தொடாது என்று தயங்கினார்கள். இதே பாட்டை ஒரு வருடம் முன்னால் சாம் குக் பாடியபோது அதே வானொலிகளுக்கு எந்த அர்த்தமும் கேட்கவில்லை போலும். கடைசியில் 1965 பிப்ரவரியில் ஒரு ஆல்பத்தின் நடுவே சத்தமில்லாமல் சேர்த்தார்கள்.

அமெரிக்கா தன் சேவலைத் தானே அடையாளம் காணவில்லை. அதைக் காட்டிக் கொடுக்க இங்கிலாந்துப் பையன்கள் நேரில் வர வேண்டியிருந்தது.

1965 மே. ஏபிசி தொலைக்காட்சியின் 'ஷின்டிக்!' நிகழ்ச்சி. இளைஞர்கள் வாராவாரம் விழுந்தடித்துப் பார்த்த பாப் மேடை. தயாரிப்பாளர் ஜாக் குட், அவரும் ஆங்கிலேயர். ஸ்டோன்ஸ் வர வேண்டும் என்றார். ஸ்டோன்ஸ் ஒரு நிபந்தனை போட்டார்கள்: மட்டி வாட்டர்ஸோ ஹவ்லின் வுல்ஃபோ எங்களோடு அதே நிகழ்ச்சியில் பாட வேண்டும்.

காலத்தைக் கவனியுங்கள். அலபாமாவின் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்த கறுப்பர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது அதே ஆண்டு மார்ச்சில். ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாக இன்னும் மூன்று மாதம் பாக்கி. அந்த இடைவெளியில், வெள்ளைக் குடும்பங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் மாலை நேரத்தில், மிசிசிப்பியின் ஐம்பத்து நாலு வயது ஓநாயை மேடையேற்று என்கிறார்கள்.

ஜாக் குட் ஒத்துக்கொண்டார்.

மே 20. ஹாலிவுட் படப்பிடிப்புத் தளம். பார்வையாளர்களோடு ஒரு மெலிந்த கிழவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சன் ஹவுஸ். சார்லி பேட்டனோடு சேர்ந்து 1930-இல் தட்டுப் பதிந்தவர். ராபர்ட் ஜான்சன் சின்னப் பையனாக வாய் பார்த்து நின்றது இவர் எதிரில்தான். முந்தைய ஆண்டுதான் ப்ளூஸ் பித்தர்கள் சிலர் அவரை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள். அவரைத் தளத்துக்கு அழைத்துவந்த டிக் வாட்டர்மன் பின்னாளில் விவரித்தபடி, அந்தக் கிழவர் யார் என்று விசாரித்து வந்தவர் பிரையன் ஜோன்ஸ். சன் ஹவுஸ் என்று கேட்டதும் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

செல்டன்ஹாம் பையனுக்குத் தெரிந்தது. அந்தத் தளத்தில் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்கப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

படப்பிடிப்பு தொடங்கியது. வுல்ஃபை அறிமுகப்படுத்தும் முன் ஜாக் குட், குழுவோடு நின்று பேச்சை வளர்த்துக்கொண்டிருந்தார். வுல்ஃப் யார், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேள்விகள். எங்கள் ஆதர்சம் அவர் என்று சொன்னார்கள். 'ரூஸ்டர்' முதலில் அவர் பாடியது என்ற தகவலும் வந்தது. மேலும் பேச்சு நீண்டபோது பிரையன் ஜோன்ஸ் குறுக்கே புகுந்தார். நீங்கள் வாயை மூடுங்கள், வுல்ஃபை மேடைக்கு விடுவோம் என்கிற தோரணையில் ஒரு வெட்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மெய்யாகவே பொறுமை தீர்ந்த குரல்.

வுல்ஃப் வந்தார்.

கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் இருக்கிறது. கோட்டு சூட்டில் மலை ஒன்று நடந்துவருகிறது. பியானோவில் உட்கார்ந்திருப்பவர், ஆமாம், பில்லி பிரஸ்டன்தான். குக்கின் சேவலுக்கு ஆர்கன் வாசித்த அதே பையன் இப்போது இந்த நிகழ்ச்சியின் நிலையக் குழுவில். வுல்ஃப் சேவல் பாட்டைத் தொடவில்லை. 1951-இல் மெம்ஃபிஸில் பதிந்த 'ஹவ் மெனி மோர் இயர்ஸ்' பாட்டை எடுத்தார். கேமராவைப் பார்த்து விரலை நீட்டிக் குத்துகிறார். இடுப்பை ஆட்டுகிறார். அந்தக் கனத்த உடம்பு திடீரென்று ஒரே இடத்தில் குதிக்கிறது. மவுத் ஆர்கனை வாயில் வைக்கும்போது அது கைக்குள் தொலைந்துபோகிறது.

அவர் காலடியில், மேடை விளிம்பில், நடனப் பெண்களோடு பெண்களாக ரோலிங் ஸ்டோன்ஸ் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களைப் பார்க்கத்தான் நாடே தொலைக்காட்சி முன் உட்காரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று நிமிடம் அவர்கள் நட்சத்திரங்கள் இல்லை. ஈலிங் கிளப்பில் நின்ற பையன்கள்.

மே 26 அன்று ஒளிபரப்பானது. தேசியத் தொலைக்காட்சியில் ஹவ்லின் வுல்ஃப் தோன்றியது அதுவே முதல்முறை.

*

இத்தோடு நிறுத்தினால் நல்ல படத்தின் கடைசிக் காட்சி மாதிரி இருக்கும். ஆனால் வரலாறு கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்கச் சொல்கிறது.

சேவல் தட்டின் மறுபக்கத்தில் 'ஆஃப் தி ஹூக்' என்று ஸ்டோன்ஸின் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. யாரும் அதற்காகத் தட்டு வாங்கவில்லை. ஆனால் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டெழுதியவருக்கான பங்கு இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் போகும். அதுதான் தொழில் வழக்கம். மறுபக்கத்தின் பங்கு யாருக்கு என்பதில் சிக்கல் இல்லை.

முன்பக்கம்? முதன்முதல் பாடிய ஹவ்லின் வுல்ஃபுக்கு இதில் சல்லிக்காசு உரிமை கிடையாது. பாடியவருக்குத் தன் சொந்தப் பதிவு விற்றால்தான் பங்கு. எழுதியவர் வில்லி டிக்சன், அவருக்கு வர வேண்டும். ஆனால் டிக்சனின் பாட்டுகள் ஆர்க் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்தின் வழியாகத்தான் பணமாகும். அதை நடத்தியவர்கள் செஸ் சகோதரர்களும், ஜாஸ் மன்னர் பென்னி குட்மனின் சகோதரர்களும். அதாவது பாட்டைப் பதிந்த முதலாளியும், பாட்டின் உரிமையை வைத்திருந்த முதலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து பவுண்டுகளாகக் கிளம்பிய பணம் இந்த மேசையைத் தாண்டித்தான் டிக்சன் வீட்டுக்கு வர வேண்டும். சேவல் முட்டையிடாது என்பார்கள். இந்தச் சேவல் இட்டது, பொன்முட்டை. அது யார் கூடையில் விழுந்தது?

(தொடரும்)